வெள்ளரிக்காய் போட்ட சத்தம்

“இந்த மீன் ரொம்பச் சத்தம் போடுது” என்றார் ருசி ஆலோசகர்.

கேன்டீன் அக்கா தட்டைப் பார்த்தாள். எலுமிச்சை பிழிந்து, துளி மிளகு தூவி, தணலில் வாட்டிய மீன். அவளுக்குத் தெரிந்து அது காலையிலிருந்து செத்துத்தான் கிடந்தது.

“சத்தமா சார்?”

“பீர் பேசணும். சாப்பாடு காது குடுத்துக் கேட்கணும். இங்கே மீன்தான் பேசுது. பீர் வாயே திறக்கலை.”

பக்கத்தில் இருந்த விளம்பர மேனேஜர் மேடம் தலையாட்டினாள். “ஆமா அக்கா. நானும் கவனிச்சேன்.”

அது ஒரு பீர் தொழிற்சாலை. புதிதாக ஒரு லைட் பீர் போடப்போகிறார்கள். அறிமுக விருந்தில் அந்த பீரோடு என்ன பரிமாறுவது என்பதை இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் சாயங்காலம் முதலாளி ருசி பார்க்க வருகிறார். அதற்காகத்தான் வெளியூரிலிருந்து ஆலோசகரை வரவழைத்திருந்தார்கள். அவர் தன்னோடு கறுப்புப் பீங்கான் கோப்பைகளைக் கொண்டுவந்திருந்தார். நிறத்தைப் பார்த்தால் கண் நாக்கை ஏமாற்றிவிடுமாம். மேடம் சாப்பாட்டு இடைவேளையில் பாட்டில் ஷெட்டுக்குப் போய், லேபிள் ஒட்டிய பாட்டில்கள் இருந்த ஒரு கிரேட்டைத் தானே தூக்கி வந்திருந்தாள்.

முதல் வாய் குடித்ததும் ஆலோசகர் கூரையைப் பார்த்தார். மறுபடி குடித்தார். பிறகு, “அடக்கமான பீர்” என்றார்.

“முதலாளி இதைக் காத்து மாதிரின்னு சொன்னார்” என்றாள் மேடம்.

“அதேதான். நான் சொல்ல வந்தேன்” என்றார் ஆலோசகர்.

ஆக, பீர்மேல் குற்றம் சொல்ல வழியில்லாமல் போயிற்று. குற்றமெல்லாம் மீன் தலையில் விழுந்தது.

மேடம் அக்காவைத் தனியே அழைத்து வந்தாள். “சரிப்படலைன்னா விருந்தை ஏதாவது பெரிய ஹோட்டல்ல குடுத்துடலாம்னு சொல்றாங்க அக்கா. ஒரு தடவை வெளிச் சாப்பாடு உள்ளே வந்துட்டா, அப்புறம் கேன்டீன் எதுக்குன்னு யாராவது கேட்பாங்க.”

அக்கா பீர் தொழிற்சாலையில் வருஷக்கணக்காகச் சமைக்கிறாளே தவிர, பீர் ஒரு சொட்டுகூட அவள் நாக்கில் பட்டதில்லை. வீட்டிலும் யாரும் தொட்டதில்லை. கணவர் தையல்காரர். கல்யாணமான புதிதில் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்த மனிதர். இருந்தாலும் கேட்க வேறு ஆள் இல்லை. சமையலறைக்குள் போய் போன் போட்டாள்.

“என்னங்க, லைட் பீருக்கு எதைச் சாப்பிட்டா நல்லா இருக்கும்?”

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது.

“எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுன்னு சொல்றதுக்கு ஏன் இவ்வளவு நேரம்?”

“ஊசியில நூல் கோத்துட்டு இருந்தேன்.”

“நாலு பேர் வந்து போற கடை. யாராவது சொல்லிக் கேள்விப்பட்டிருப்பீங்களே.”

“கேள்விப்பட்டதுன்னா...” என்று இழுத்தார். “லைட் பீர் மெலிசு. காரத்தைத் தூக்கலா வச்சா அமுங்கிப் போயிடும். உப்பு போட்டு வறுத்த கடலை வை. இல்லேன்னா கோழி. தோலோட, மொறுமொறுன்னு. அந்த எண்ணெய் நாக்குல படிஞ்சிருக்கும் பாரு, அடுத்த வாய் பீர் அதை அப்படியே கழுவி விட்டுடும். கழுவின உடனே மறுபடியும் கோழி கேட்கும்.”

“யாரு கேட்கும்?”

“நாக்கு கேட்கும். அப்படின்னு கேள்வி.”

அக்கா கோழியை வறுத்தாள். வாசனை பிடித்து பக்கத்து ஷெட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஆலோசகர் ஒரு துண்டைக் கடித்தார், ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார்.

“மீன் பேசிச்சு. இது கூட்டமே போடுது.”

கூட்டம் போட்ட கோழியில் இன்னும் மூன்று துண்டுகளை அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் தட்டைத் தள்ளினார்.

அக்கா மறுபடியும் போன் போட்டாள். “கோழியும் ஆகலையாம்.”

“ஆகலையா? கோழியா?” கணவரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “அது என்ன மாதிரி பீரு? மோந்து பார்த்தா ரொட்டி வாடை வருதா, புல்லு வாடை வருதா?”

“ரெண்டு வாடை இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“ஒரு கஸ்டமர்.”

“எந்தக் கஸ்டமர்?”

தையல் மெஷின் படுவேகமாக ஓடத் தொடங்கியது. “சத்தத்துல கேட்கலை! காரமில்லாத சீஸ் வச்சுப் பாரு! கூட ஆப்பிள் நறுக்கி வை!”

போன் வைக்கப்பட்டது. இதை வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அக்கா மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு சீஸை நறுக்கினாள்.

சீஸ் பீரை மிதித்தது. ஆப்பிள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. அவித்த உருளைக்கிழங்கில் உப்பு மட்டும் தெரிந்தது. உப்பில்லாமல் கொடுத்தபோது உருளைக்கிழங்கு மட்டும் தெரிந்தது. கடைசியில் அக்கா ஒரு வெள்ளரிக்காயைத் தோல் சீவி வட்டமாக நறுக்கி வைத்தாள். இதற்குமேல் இறங்கினால் வாழ்க்கையே வெறுத்துப் போய்விடும் என்று தோன்றியது.

ஆலோசகர் மென்றார். குடித்தார். “கிட்டத்தட்ட வந்துட்டோம்” என்றார். “ஆனா வெள்ளரிக்காய் கொஞ்சம் தூக்கல்.”

“லேசா காரம்கூட அடிக்குது” என்றாள் மேடம்.

வெள்ளரிக்காயைக் காரம் என்று சொன்ன மனுஷியை அக்கா அன்றுதான் பார்த்தாள். மேசையில் மிச்சமிருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். இத்தனை பேரை ஆட்டி வைக்கிற சரக்கு எதுவென்று நாமே பார்த்துவிடுவோம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள்.

நாக்கில் லேசாகக் குறுகுறுத்தது. அவ்வளவுதான்.

இன்னொரு வாய் குடித்தாள். தலை சுற்றவில்லை. கால் பின்னவில்லை. யாரையும் அடிக்கத் தோன்றவில்லை. கோப்பையைக் காலி செய்துவிட்டுச் சுவரைப் பிடிக்காமல் நின்று பார்த்தாள். நேராகத்தான் நின்றாள்.

“இதுக்கா?” என்று வாய்விட்டே கேட்டாள்.

சில சாயங்காலங்களில் கணவர் ஒரு கைப்பிடி கிராம்பை மென்றுகொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஓரமாக வீட்டுக்குள் நுழைவது நினைவுக்கு வந்தது. பல்வலி என்பார். பாவம். இந்த ஒன்றுமில்லாத வஸ்துவுக்காக எத்தனை கிராம்பு, எவ்வளவு பயம். அக்கா போனை எடுத்தாள்.

“என்னங்க, நீங்க குடிப்பீங்கதானே?”

மெஷின் நின்றது.

“எப்பவாவது...” என்றது ஒரு மெல்லிய குரல்.

“எங்கே வச்சு?”

“கடைக்குப் பின்னால. துணி மூட்டை மேல உட்கார்ந்து.”

“இப்போ நானும் குடிச்சுப் பார்த்தேன்.”

“ஐயையோ!”

“என்ன ஐயையோ? காய்ச்சல்காரனுக்குக்கூடக் குடுக்கலாம் போல இருக்கு. இதையா மூட்டை மேல ஒளிஞ்சு உட்கார்ந்து குடிச்சீங்க? இனிமே வீட்டுலயே குடிங்க. நடு ஹால்ல உட்கார்ந்து, ராஜா மாதிரி. நானே கோழி வறுத்துத் தர்றேன்.”

“எவ்வளவு?”

“ஆசை தீர. உங்க தம்பியையும் கூப்பிட்டுக்கோங்க. அவரும் ஒளிஞ்சுதானே குடிக்கிறாரு?”

“சத்தியமா சொல்றியா?”

“சத்தியமா. உங்க தலை மேல.”

கடையின் ஷட்டர் இறங்கும் சத்தம் போனிலேயே கேட்டது.

மனம் லேசானதில் அக்காவுக்குக் கை ஓடியது. ஒரு ரொட்டியை எடுத்து ஓரத்தை வெட்டி எறிந்தாள். நடுவில் இருந்த வெள்ளைப் பகுதியை மட்டும் சதுரம் சதுரமாக நறுக்கினாள். வெண்ணெய் இல்லை, உப்பு இல்லை, ஒன்றும் இல்லை. தட்டைக் கொண்டுபோய் வைத்தாள்.

ஆலோசகர் ஒரு துண்டை வாயில் போட்டு, ஒரு வாய் குடித்தார். அவர் கண் கலங்கியது.

“இதுதான். ஒண்ணுக்கொண்ணு வழி விடுது பாருங்க.”

“சத்தமே இல்லை” என்றாள் மேடம் தழுதழுத்த குரலில்.

சாயங்காலம் முதலாளி வந்தார். கறுப்புக் கோப்பையில் குடித்தார். ரொட்டியைத் தின்றார். ஆலோசகரைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார்கள்.

“காத்து மாதிரி இருக்கு” என்றார் முதலாளி.

எல்லோரும் கைதட்டினார்கள். விருந்து கேன்டீனுக்கே என்று முடிவாயிற்று. முதலாளி கிளம்பும்போது அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போது வீட்டிலிருந்து போன் வந்தது. பின்னால் யாரோ பாட, யாரோ தாளம் போட, ஏதோ உருண்டு உடைந்தது.

“தம்பி மட்டும் இல்லைடி, அவன் ஃப்ரெண்ட்ஸும் வந்திருக்காங்க!” என்று கத்தினார் கணவர். “பெட்டி பெட்டியா இறக்கியாச்சு! நீ தெய்வம்டி! வரும்போது எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வா!”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளை ‘டி’ போட்டு அழைத்ததில்லை. ஆனாலும் அக்கா சிரித்தாள். சந்தோஷத்தில் இருக்கிறார், இருக்கட்டும். “குடிங்க, குடிங்க. என்ன ஆகிடப் போகுது?” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பாட்டில் ஷெட்டில் மூடி போடும் மெஷினை ஓட்டுகிற பெண், கையில் கிரீஸோடு எதையோ தேடிக்கொண்டு உள்ளே வந்தாள். மேசையில் இருந்த காலி பாட்டில்களைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

“மேடம், இதையா எடுத்துட்டு வந்தீங்க? இது மூடி ஒழுகுதான்னு பார்க்க நாங்க கேஸ் ஏத்திப் பிடிச்சு வச்ச தண்ணி. பீரு நாளைக்குத்தான் ஊத்தப் போறோம்.”