சீனி மீசையோடு ஒரு விரதம்

தம்பியின் பெயரைச் சொல்லிப் பொய் பேசினேன். எழுபத்திரண்டு வயதில், பொது இடத்தில், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு. (பேச்சு என்னவோ நன்றாகத்தான் அமைந்தது.)

புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் டோர்செட் பார்க்கில் எங்கள் எதிர்க் கதவு மிரியம். ஓய்வுபெற்ற ஆசிரியை, யூதப் பெண். முற்காலத்தில் எரிந்துபோன தங்கள் கோயிலுக்காக அவர்கள் வருடத்தில் ஒரு நாள் பட்டினி கிடந்து, தரையில் இருந்து புலம்பல் படிப்பார்கள். அந்த ஆடி மாதம் மிரியமும் தோழர்களும் அந்தத் துக்கத்தை ஓர் அரசாங்க அலுவலக வாசலுக்குக் கொண்டுபோனார்கள். அகதிகளை அடைத்துவைப்பதற்கு எதிர்ப்பு.

"அங்கே பெயர்கள் வாசிப்போம். உங்கள் தம்பியின் பெயரையும் வாசியுங்கள். ஆட்கள் ஏன் ஓடிவருகிறார்கள் என்று உள்ளே இருக்கும் அதிகாரிகளுக்குத் தெரியட்டும்" என்றார் மிரியம்.

தம்பி, ஊரில் போர்க்காலத்தில் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவன். இருக்கிறானா என்று தெரியாததால் அவனுக்குத் திவசமும் இல்லை, விரதமும் இல்லை. அழ ஒரு நாள் கிடைத்ததே என்று ஒப்புக்கொண்டேன்.

"தண்ணிகூடக் குடிக்கேலாதாம்" என்றேன் மனைவியிடம்.

"உங்களுக்கோ? பத்து மணித் தேத்தண்ணி பிந்தினாலே வீட்டில கலவரம். பேசாம இருங்கோ."

அன்று அந்த அலுவலக வாசலில் பதினொன்றரை வரை தாக்குப்பிடித்தேன். பிறகு கழிப்பறைக்கு என்று எழுந்து, முன்கடையில் தேநீரும் சீனித்தூள் போட்ட டோநட்டும். (எங்கள் விரதத்தில் பால் குடிக்கலாம், டோநட்டிலும் பால் இருக்கிறது என்று எனக்குள் வாதாடியபடியே விழுங்கினேன்.)

திரும்பியதும் என் முறை. பெயரைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இவனுக்காக நேற்று மாலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்கவில்லை" என்றேன். முன்வரிசை முழுவதும் என் மூக்குக்குக் கீழே பார்த்தது. ஒரு தொலைக்காட்சிக் கமெராவும் பார்த்தது.

அன்று மாலைச் செய்தியில் என்னைக் கண்ட மகள், "அப்பா, முந்தநாள்தானே மீசைக்கு டை அடிச்சனீங்கள்?" என்றாள். இன்றும் எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குச் சொல்லப்படும் கதை அது. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

பொழுதுபடுவதற்கு முன்பே மிரியமின் கதவைத் தட்டினேன். "நான் சாப்பிட்டுவிட்டேன்."

"தெரியும்."

"ஏன் ஏசவில்லை?"

"இந்த நாளில் நாங்கள் ஆளுக்காள் வணக்கம்கூடச் சொல்வதில்லை. ஏச்சை நாளைக்கு வைத்திருக்கிறேன்."

அடுத்த வருடம் முழுப் பட்டினி இருந்தேன். மூன்று மணிக்குத் தலை சுற்றியது, எழும்பவில்லை. ஒலிவாங்கியை மட்டும் தொடவில்லை. பெயர் எழுதிய தாளை மிரியமிடம் கொடுத்தேன்.

"குணசீலன்" என்பதை அவர் கண்டபடி உடைத்தார். பிழை என்று தெரிந்து, மறுபடியும் தொடங்கினார். அம்மா போனபிறகு இன்னொரு வாய் அவனைப் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் திருத்தவில்லை. மூன்றாம் தரமும் சொல்வாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.