கமலாத்தாள் திருப்பியனுப்பிய போசி

கொழிஞ்சாம்பாறை,
12-8-1974

குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை சின்னையனுக்கு மச்சான் காளிச்சாமி எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அக்காவும் எருமைகள் இரண்டும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கே அனைவர் சுகத்துக்கும் எழுதவும். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு மண்டை காய்கிறது.

பக்கத்து வீட்டுச் சென்னிமலை தென்னை மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடக்கிறார். அவர் வேலைக்குப் போனால்தான் அந்த வீட்டில் உலை. கோயிலில் கூடிப் பேசினோம். "மொதல்ல அந்த ஊட்டுல அடுப்பு எரியோணும், பொறவு அம்மனுக்குப் பூசை" என்றார் பூசாரி. புண்ணியம் நமக்கே வரட்டும் என்று நான் முந்திக்கொண்டு ஒரு போசி நிறைய அரிசி அனுப்பினேன். வந்தது வினை. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் நம்மிடம் உண்டா? சென்னிமலை பெண்சாதி கமலாத்தாள் போசி நிறைய முருங்கைக்கீரை போட்டு அனுப்பினாள். மறுநாள் அரிசிக்குப் புளி வந்தது. அதற்கடுத்து முட்டை ஆறு. வேண்டாம் என்றால், "ஏனுங்க, வெறும் போசியக் குடுத்தாச் சாமிக்கு அடுக்குமுங்களா?" என்கிறாள். போசியே வேண்டாமென்று வாழையிலையில் கட்டி அனுப்பினேன். கோழியே வந்துவிட்டது!

நேற்று ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள், மாப்பிள்ளை. பால் ஆடு. சென்னிமலை குடிக்கிற ஒரு டம்ளர் பால் அதுதான். "அட, ஆட்டக் கொண்டு போ புள்ள!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. உங்கள் அக்கா என்னைத்தான் திட்டினாள், வழக்கம்போல. அவள் விட்டுவிட்டுப் போன ஆடு எங்கள் கட்டுத்தரையில் நின்று கத்துகிறது. இன்னும் நாலு நாள் நான் உதவி செய்தால் அந்த வீட்டில் கதவு நிலைதான் மிஞ்சும். நிசமாகவே பயமாக இருக்கிறது.

ஆகவே உடனே ஒரு கடுதாசி போடுங்கள். உங்களுக்குக் கண்வலி வந்ததாகவும், அது தீர நம்மூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு நாற்பத்தெட்டு நாள் ஒரு வீட்டுக்கு அரிசி கொடுக்க என்னிடம் சொன்னதாகவும், பதிலுக்கு ஒரு துரும்பு வாங்கினாலும் கண்வலி திரும்பிவிடும் என்றும் எழுதவும். அம்மன் பேரில் பொய் சொல்வதற்கு நான் தனியாக ஒரு தேங்காய் உடைத்துவிடுகிறேன்.

உங்கள் கடையும் குடும்பமும் அம்மன் நிழலில் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
மச்சான் காளிச்சாமி

பி.கு: இது கமலாத்தாள் கண்ணில் படவே கூடாது. தபாலாபீஸ் பக்கம் போகிறவர்களிடம் கொடுத்தனுப்ப உங்கள் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு பி.கு: அண்ணனுக்குக் கமலாத்தாள் எழுதறதுங்க. தபாலாபீஸ் பக்கம் போனது நான்தானுங்க. மடிப்பில் என் பேரைப் பார்த்துப் பிரித்துவிட்டேன், மன்னிக்கோணும். நீங்கள் பொய் எழுத வேண்டாம், கண் நன்றாக இருக்கட்டும். முன்பெல்லாம் உங்கள் அக்கா முறம், கறிவேப்பிலை, நெருப்பு என்று நாளைக்கு நாலு தரம் எங்கள் ஊட்டுக்கு வருவாங்க. இவர் கால் ஒடிந்த நாளிலிருந்து ஒருத்தரும் எங்களிடம் எதுவும் கேட்டு வருவதில்லைங்க. அவங்க வந்து கேட்டால் நானும் போய் அரிசி கேட்பேன். ஆட்டையும் கேட்பேன்.