அட்டையின் பின்பக்கம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் உடம்பளவில் நலம்; மனசைப் பற்றி இந்தக் கடிதம் முடிவதற்குள் உனக்கே தெரிந்துவிடும். மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும். நான்கு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. நியாயம்தான். எடுத்திருந்தால் ஏதாவது பேசிச் சமாளித்திருப்பேன். எழுத்தில் சமாளிக்க எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

அட்டைகளில் எழுதி வைத்திருக்கும் நோயாளிகளின் விவரத்தையெல்லாம் கணினிக்கு மாற்ற வேண்டும் என்று நீ சொன்னபோது, மென்பொருள் விற்க வந்தவர் மூன்று மாதம் ஆகும், விஷயம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு அட்டையாகப் பார்க்க வேண்டும் என்றார். சிரித்தவன் நான். என் கடையில் பதினோராயிரம் வகை டைல்ஸ், குழாய், வாஷ்பேசினை ஒன்பது நாளில் கணினியில் ஏற்றியவனுக்கு நாலாயிரம் மனுஷரை ஏற்ற மூன்று மாதமா என்று கேட்டு, கடையில் சரக்கு ஏற்றும் இரண்டு பெண்களைக் கொண்டுவந்து உன் க்ளினிக்கில் உட்கார வைத்தேன். என் கடைச் சட்டம் அவர்களுக்கு அத்துப்படி: எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது, இருந்தால் மேலே உள்ளதையே கீழேயும் போடு. ஒரே லாரியில் வரும் டைல்ஸ் பெட்டிகளுக்கு அது சரி. மனுஷர் அப்படி லாரியில் வருவதில்லை என்று எனக்கு உறைக்கவில்லை. 'ஒத்துக்கொள்ளாத மருந்து' என்ற கட்டத்தில் யாரோ ஒருவருக்கு ஆஸ்பிரின் என்றிருக்க, அவருக்குக் கீழே வந்த நாற்பது பேருக்கும் ஆஸ்பிரின் ஆகாமல் போனது. எடை போடாமல் அடுத்த பக்கம் போக மாட்டேன் என்று மென்பொருள் அடம்பிடித்தது. 'ஒண்ணு போடும்மா, அப்புறம் பாத்துக்கலாம்' என்றேன். லாரி டிரைவர் உட்பட முந்நூறு பேர் இப்போது ஒரு கிலோ. இரண்டு வருஷமாக வராதவர்களைத் தேங்கிய சரக்கு என்று தனிப் பட்டியலில் தள்ளினேன். நல்ல உடம்போடு இருந்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாததை இப்போது சொல்கிறேன். மூன்றாம் நாள் உன் நர்ஸ் சிஸ்டர் என்னிடம் வந்து, "சார், கார்ட திருப்பிப் பாக்கச் சொல்லுங்க. முக்கியமானத டாக்டர் பின்னாடிதான் சிவப்பு மையில எழுதுவாங்க" என்றார். என் கடையில் எந்தச் சீட்டுக்கும் பின்பக்கம் கிடையாது. "சிஸ்டர், நீங்க ஊசி போடுற வேலையப் பாருங்க" என்றேன், என் கடைப் பெண்கள் இருவரும் கேட்கும்படி. அவர் திரும்பிப் போய்விட்டார். அன்று மாலையே, கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று நீ சொல்லியும் கேட்காமல், ஏற்றி முடித்த நாலாயிரம் அட்டையையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். காலியான அலமாரியைப் பார்க்க எனக்கு அத்தனை பெருமை. நேற்று போய் விசாரித்தேன். எல்லாம் கூழாகிவிட்டது.

கணினியோடு க்ளினிக்கைத் திறந்த முதல் நாள் நீ எந்த மாத்திரை எழுதினாலும் திரையில் எச்சரிக்கை வந்தது. இவருக்கு ஆகாது, அவருக்கு ஆகாது என்று கத்திக்கொண்டே இருந்ததில், மத்தியானத்துக்குள் நீ படிக்காமலே அதைத் தள்ளிவிடப் பழகிவிட்டாய். பழக்கியவன் நான். பேங்க்கில் ரிட்டயர் ஆன அந்தப் பெரியவர் வெளியே வந்து, டாக்டர் என்னை எங்கே பார்த்தார், டிவி பார்ப்பது போல அதையேதானே பார்த்துக்கொண்டிருந்தார் என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார். பிறகு தையல்காரம்மா வந்தார். அவருக்கு மட்டும் எச்சரிக்கையே இல்லை. பென்சிலின் என்று நீ எழுதி, ஊசியைக் கையில் எடுத்த பிறகு அவர்தான் கேட்டார்: "டாக்டரம்மா, போன தடவ எனக்கு மூச்சு முட்டுச்சுன்னு சிவப்பு மையில எழுதி வெச்சீங்களே, அந்த ஊசி இல்லியே இது?"

ஊசியை நீ குப்பைத் தொட்டியில் போட்டதைப் பார்த்தேன். பதினைந்து வருஷமாக உன்னை நம்பி வருகிற பெண். வெளியே வந்து நீ கேட்டாய், பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று யாருமே சொல்லவில்லையா என்று. "யாரும் சொல்லலியேம்மா" என்றேன். சிஸ்டர் கையில் தட்டோடு அங்கேதான் நின்றார். என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். தட்டை வைத்தார், கைப்பையை எடுத்தார், போய்விட்டார். தப்பு செய்தவர் என்பதால் போனார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பொய் சொன்னவன் நான். அவரைத் திரும்பக் கூப்பிடு. நானே போய்க் கூப்பிட வேண்டும் என்று இரண்டு முறை அவர் தெருமுனை வரை போய் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்தேன். முப்பது வருஷமாக வாயை வைத்துப் பிழைத்தவனுக்கு மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

எந்த விவரத்தையும் நம்ப முடியாமல் க்ளினிக்கை மூடி வைத்திருக்கிறாய். எப்படித் திறக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. இனி உன் பதிவுகள் பக்கம் கையை நீட்ட மாட்டேன். இந்த விஷயம் நீ, நான், சிஸ்டர் மூன்று பேரோடு நிற்கட்டும். நான் உனக்குப் பெரிய உதவி செய்ததாக உன் அண்ணி இன்னும் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆசி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்றாலும், மூத்தவன் என்ற முறையில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகளை வைத்துக்கொள்.

தலை நிமிராத
உன் அண்ணன்

பின்குறிப்பு: இது மட்டும் கையால் எழுதுகிறேன். என் கடைக் கணினியில் தமிழ் ஒழுங்காக வருவது, ஏற்றும் வேலைக்காக அதிலும் போட்டு வைத்த உன் க்ளினிக் மென்பொருளில்தான் என்பதால், அதில் நோயாளிகளுக்குச் செய்தி எழுதும் கட்டத்திலேயே நேற்று மத்தியானம் இந்தக் கடிதத்தை அடித்தேன். அச்சடிக்கும் பொத்தானுக்கு முன்னால் தெரியாமல் அழுத்தியது 'எல்லோருக்கும் அனுப்பு'. நாலாயிரம் போனுக்கும் போய்விட்டது. உன் அண்ணியும் உன் நோயாளிதானே, அவளுக்கும். காலையில் காபி வந்தது, பேச்சு வரவில்லை. கடைக்குப் போனால், க்ளினிக் பூட்டியிருப்பதால் என் வாசலில் கூட்டம். பழைய மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, காலி டப்பா என்று ஆளுக்கொரு பை. தையல்காரம்மாதான் முதல் ஆள். அரைமணியில் சிஸ்டர் வந்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "அதான் படிச்சுட்டேனே சார். எந்திரிங்க, நாற்காலி வேணும்" என்றார். அவர் ஒவ்வொருவராகக் கேட்டுச் சொல்லச் சொல்ல என் கடைப் பெண்கள் ஏற்றுகிறார்கள். தெரியாததைக் காலியாகவே விடுகிறார்கள். கையை நீட்ட மாட்டேன் என்று மேலே எழுதியது செல்லாது, நான் ஸ்டூல் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. டாக்டர் எப்போது திறப்பார் என்றுதான் கேட்கிறார்கள். என்ன சொல்ல? வரிசையில் நின்ற ஒருவர், சும்மா நிற்பானேன் என்று குளியலறை டைல்ஸுக்கு விலை கேட்டார். இன்றைக்கு வியாபாரம் இல்லை என்றேன். சொன்னது நான்தானா என்று கடைப் பெண்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.