பாட்டில் கழுத்தில் இரண்டு விரல்

கூச்சப்படுகிறவன் கையில் புதுப்பொருள் கிடைக்கக் கூடாது. வாயால் அடிக்க முடியாத பெருமையை எல்லாம் அதை வைத்து அடித்துவிடுவான். நான் ஒரு ஃபிரிஜ்ஜை வைத்து அடித்தேன்.

வங்காளத்தில், ஜாதவ்பூரில் இருந்த என் இட்லிக் கடைக்கு அது வந்த மாதமே, பெண் வீட்டார் என்னைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பெண்ணின் அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வே குமாஸ்தா. பெண் கமலா, கெமிஸ்ட்ரி பி.எஸ்ஸி. நான் ஐந்தாம் வகுப்பு. (அதை முழுதாக முடித்தேனாக்கும்!) மே மாத வெயிலில் வருகிறவர்களுக்கு ஐஸ் தண்ணீர் கொடுத்தே சம்மதம் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

காலையிலேயே நான்கு கண்ணாடி பாட்டில்களை எடுத்தேன். விருந்தாளிக்குக் குறை பாட்டில் வைக்கலாமா? விளிம்பு வரை ஊற்றி, மூடியை இறுக்கி, ஐஸ் பெட்டிக்குள் படுக்க வைத்தேன். தினமும் கரண்ட்டை நிறுத்திக் கெடுக்கும் லோட்ஷெடிங், காப்பாற்ற வேண்டிய அன்று வரவேயில்லை.

வழக்கத்தை மீறிப் பெண்ணும் வந்திருந்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"முதல்ல தண்ணி கொடுங்க தம்பி" என்றார் அப்பா.

ஐஸ் பெட்டியைத் திறந்தேன். கண்ணாடித் துண்டுகள் சரிந்து கொட்டின. பின்னாலேயே கண்ணாடி இல்லாத ஒரு பனிக்கட்டி, பாட்டில் உருவத்திலேயே உருண்டு போய் அவர் காலடியில் நின்றது.

"நாலு பாட்டிலைப் பத்திரமா வைக்கத் தெரியல, என் பொண்ணை எப்படிக் காப்பாத்துவீங்க? கமலா, கிளம்பு."

"பாட்டில்காரன் ஏமாத்திட்டான்" என்றேன், தரையிடம்.

"ஏ மா!" என்று வங்காளிப் பெண்களைப் போலச் சிரித்தாள் கமலா. "பாவம், பாட்டில்காரர் மேல பழி போடாதீங்க. விளிம்பு வரைக்கும் ரொப்பினீங்களா?"

தலையாட்டினேன்.

"தண்ணியில கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுங்க ஒண்ணை ஒண்ணு கையைப் பிடிச்சுக்கும். ஹைட்ரஜன் பிணைப்புன்னு பேரு. தண்ணியா இருக்கறப்ப பாலிகஞ்ச் ட்ரெயின் கூட்டம் மாதிரி, பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டு, இடிச்சுக்கிட்டு நிக்கும். உறைஞ்சா பிடிச்ச கையை விடாம, ஸ்கூல் டிரில் மாதிரி கை நீட்டி வரிசையா நிக்கும். இடம் அதிகமா வேணுமில்ல?"

டிரில்! ஐந்து வருடத்தில் நான் குறையில்லாமல் கற்ற ஒரே பாடம். முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தேன்.

"அப்போ எடை அதேதான், இடம்தான் கூட. அதனாலதான் ஐஸ் மிதக்குதா?"

கமலா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு இது புரிய ஒரு வாரம் ஆச்சுப்பா."

எழுந்து நின்றவர் மெல்ல உட்கார்ந்தார். "சரி, சாதாத் தண்ணியாவது கொடுங்க, மாப்பிள்ளை."

இன்றும் எங்கள் வீட்டில் இரண்டு விரல் இடம் விட்டுத்தான் பாட்டில் உள்ளே போகும். அதற்கு என் பிள்ளைகள் வைத்த பெயர் 'நிச்சயதார்த்த அளவு'. போன வாரம்கூட மகள் சமையலறையிலிருந்து கத்தினாள்:

"அம்மா, அப்பா மறுபடியும் விளிம்பு வரைக்கும் ஊத்தியிருக்கார். யாராவது பொண்ணு வீட்டுக்காரங்க வராங்களான்னு கேளு!"