ஜன்னலோர மூலை யாருக்கு?

தன் கையே தனக்கு உதவி என்று நான் முழங்கிய அன்றைக்கே என் கைக்குப் புத்தி கெட்டுவிட்டது.

ஆசைப்பட்டு வாங்கிய ரெக்கார்டு பிளேயர் ஹாலில் பெட்டியோடு கிடந்தது. அதை ஜன்னலோர மூலையில் வைப்பது என் திட்டம். அதே மூலையில் தன் தையல் மிஷினை வைப்பது என் மனைவியின் திட்டம். படுக்கையறை இருட்டில் நூல் கோத்துக் கோத்து அவளுக்குக் கண் பூத்துப்போச்சாம்.

"ஏங்க, இதைப் பொருத்தறதுக்குன்னே மெக்கானிக் இருக்காரு. கூப்பிடுங்களேன்."

"நாலு திருகாணிக்கு ஆளா? அப்புறம் சட்டைப் பொத்தான் போடவும் ஆள் வைக்கணும்."

"போன மாசம் இப்படித்தான் குழாயைத் திருகினீங்க. கீழ்வீட்டுல மழை பெஞ்சுது."

"அது குழாய். இது கலை!"

"சரி, பந்தயம். சாயங்காலத்துக்குள்ள நீங்களே பாட வெச்சா மூலை உங்களுக்கு. ஆள் கூப்பிட்டா என் மிஷினுக்கு."

"சம்மதம்."

அவள் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக் களத்தில் இறங்கினேன்.

பெட்டியைப் பிரித்துப் பொருத்தினேன். இசைத்தட்டு சுற்றியது. முள்ளை இறக்கினேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி அது சர்ரென்று வழுக்கி நடுவில் போய் நின்றது. முள்ளைத் தாங்கும் கையின் பின்னால் இருந்த எடையைத் திருகினேன். அந்தக் கை மேலே எழும்பி எனக்கு சல்யூட் அடித்தது. எதிர்ப்பக்கம் திருகினேன். முள் தட்டில் உழ ஆரம்பித்தது. பாடகர் பல்வலிக்காரர் போல முனகினார்.

மானத்தைப் பார்த்தால் மூலை போய்விடும். மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"உடனே வாங்க. என் சம்சாரம் கடையிலிருந்து வர்றதுக்குள்ள வந்துட்டுப் போயிடணும்."

"சார், நான் மெக்கானிக். திருடன் இல்லை."

வந்தார். ஏதோ சொல்லிக்கொண்டே வேலை செய்தார். நான் எங்கே கேட்டேன்? வாசலில் காவல் நின்றேன். பாட்டு தேனாக ஓடியது. அவரை அவசர அவசரமாகப் படியிறக்கி விட்டேன். திருப்புளியைக் கையில் பிடித்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்து வியர்வை தயாரித்தேன்.

மனைவி உள்ளே வந்தாள். பாட்டைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"அடேயப்பா! நீங்களேவா பண்ணீங்க?"

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரரா?"

"எப்படிங்க?"

"எல்லாம் நுணுக்கம். பின்னால இருக்கு பாரு எடை, அதுலதான் உயிரே இருக்கு."

"எது, இதுவா?" என்று அதைப் பிடித்துக் கரகரவென்று திருகிவிட்டாள். பாட்டு விக்கி, நின்றது.

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ணினே!"

"அதுக்கென்னங்க? நீங்கதான் மறுபடி பண்ணிடுவீங்களே. நானும் பார்த்துக் கத்துக்கறேன்." முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

திருகினேன். சல்யூட். மறுபடி திருகினேன். உழவு. இப்போது வியர்வைக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"கரண்டு சரியில்லை."

"தட்டு சுத்துதே?"

"முள்ளு... களைச்சுப்போச்சு. கொஞ்சம் ஓய்வு குடுக்கணும்."

"பாவம், ரொம்ப உழைச்சிருக்கும்" என்றவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். படிக்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மேல வாங்க!"

பைக்குள் திருப்புளிகள் குலுங்க மெக்கானிக் ஏறி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இவர் படியிறங்கி வரும்போதே பிடிச்சுட்டேங்க" என்றாள் மனைவி. "மிஷின் ரொம்ப கனமாச்சே, ஒரு பக்கம் தூக்க ஆள் வேணும்னு நான்தான் இவரை நிறுத்தி வெச்சேன். இன்னொரு பக்கத்துக்கு ஆள் வேண்டாம், நீங்களே தூக்குங்க."