கொடிக்கயிற்றில் போன சமன்பாடு

வால்பரைசோ,
நவம்பர் 28

பாசமுள்ள தங்கை எர்மெலிந்தாவுக்கு அக்கா குளோரிந்தா எழுதிக்கொள்வது. கன்னி மரியாள் புண்ணியத்தில் இங்கே யாவரும் சுகம். புந்தா அரேனாஸ் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரரும் கம்பளிக்குள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் பிள்ளைகள் விவரம். மூத்த பேரன் அனிபல் துறைமுகத்தில் பெரிய பளுதூக்கி ஓட்டுகிறான். அவன் கைகாட்டினால்தான் கப்பலே அசையுமாம், நான் நம்புகிறேன். ஃபிரெசியா நர்ஸ் படிப்பில் மூன்றாம் வருஷம். எனக்கே ஊசி போட்டாள், இரண்டு நாள்தான் வலித்தது. மார்சியாலின் குழந்தைக்கு ஆறாம் மாதத்திலேயே நான்கு பல். கடைக்குட்டிப் பேத்தி யஸ்னா கணக்கில் ஏழுக்கு ஆறு புள்ளி மூன்று. அது எப்படி வந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போன மாதம் அவள் ஏழுக்கு இரண்டு வாங்கியிருந்தாள். மறுதேர்வில் குறைந்தது நான்கு எடுக்காவிட்டால் இன்னொரு வருஷம் அதே வகுப்பு என்று கணக்கு வாத்தியார் பாமொந்தேஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தால், தாளில் கட்டம் போட்டுக் கோடுகள் இழுத்து, எந்தக் கோட்டுக்கு எந்தச் சமன்பாடு என்று கேட்டிருக்கிறது; இவளோ இறங்குகிற கோட்டையெல்லாம் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறாள். ஏன்டி இப்படி என்றேன். "வலப்பக்கம் கடல், இடப்பக்கம் நம்ம வீடு. துறைமுகத்துலேருந்து ஏறித்தானே வர்றோம் பாட்டி?" என்றாள். எனக்கும் சரியாகத்தான் பட்டது. எங்கள் குன்றில் எல்லாத் தெருவுக்கும் பெயரே இன்னார் ஏற்றம், இன்னார் ஏற்றம் என்றுதான்; இறக்கம் என்று ஒரு தெருவும் கிடையாது. வாத்தியார் சமவெளிக்காரர், அவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. கோட்டையும் எழுத்து மாதிரி இடப்பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டுமாம்.

நான் ஐந்தாவதோடு நின்றவள், ஆனால் துணி காயப்போடத் தெரியும். அந்தக் கொடிக்கயிற்றை வைத்தே யஸ்னாவுக்குப் பாடம் சொன்னேன். இடப்பக்கம் எங்கள் ஜன்னல் சுவர், வலப்பக்கம் தெருவிளக்குக் கம்பம், அதற்குக் கீழே விதவை ஒதிலியாவின் சமையலறை. எக்ஸோடு ஒட்டாமல் தனியாக நிற்கிற எண்தான் சுவரில் ஆணி அடிக்கும் இடம்: ஜன்னல் படிக்கு மேலே மூன்று சாண் என்றால் கூட்டல் மூன்று, கீழே இரண்டு சாண் என்றால் கழித்தல் இரண்டு. எக்ஸைக் கட்டிக்கொண்டிருக்கிற எண் சாய்வு; வலப்பக்கம் ஒரு சாண் போனால் கயிறு எத்தனை சாண் ஏறும், எத்தனை இறங்கும் என்பது அது. வளையத்தில் கோத்து என் வீட்டுக்காரர் நிக்கானோரின் நீளக் கம்பளி உள்ளாடையைக் கயிற்றில் விட்டோம். நம்மிடமே திரும்பி வந்தால் கூட்டல் சாய்வு, நம்மை விட்டுப் போனால் கழித்தல், விட்ட இடத்திலேயே நின்றால் பூச்சியம். அவளைப் போலவே இரண்டு வாங்கிய வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வேறு வேடிக்கை பார்க்க வந்து நின்றுவிட்டார்கள். முதல் கயிறு எக்ஸ் கழித்தல் இரண்டு, நல்லபடியாகத் திரும்பியது. அடுத்தது கழித்தல் இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று. உள்ளாடை சர்ரென்று போய் ஒதிலியா பூசணி அப்பம் பொரித்துக்கொண்டிருந்த அடுப்பங்கரைக்குள் இறங்கிவிட்டது. அவள் அதைத் தூக்கிப் பிடித்தபடி ஜன்னலில் நின்று, குன்று முழுக்கக் கேட்கும்படி, "குளோரிந்தா, உன் வீட்டுக்காரர் மிச்சமும் வர்றாரா, இல்ல இது மட்டுந்தானா?" என்றாள். நிக்கானோர் மூன்று நாள் ரொட்டிக் கடைப் பக்கமே போகவில்லை. யஸ்னா மட்டும், "சரியான கழித்தல், பாட்டி" என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். நேற்று மறுதேர்வு மதிப்பெண் வந்தது. தாளை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

உன் முழங்கால் வலி நீங்கி, உன் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
குளோரிந்தா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வாத்தியார் மூச்சு வாங்க மேலேறி வந்தார். மறுதேர்வுத் தாளில் காரணம் கூறுக என்ற இடத்தில் பதின்மூன்று பிள்ளைகளும் ஒரே வரியாக, 'நிக்கானோர் தாத்தாவின் உள்ளாடை திரும்பி வரவில்லை, ஆகவே கழித்தல்' என்று எழுதியிருக்கிறார்களாம். காப்பி அடித்தார்கள் என்று சந்தேகப்பட்டு எல்லா மதிப்பெண்ணும் ரத்து, திங்கட்கிழமை மறுபடி தேர்வு. நான் நடந்ததைச் சொன்னேன். "அப்ப எனக்கும் ஒருதரம் விட்டுக் காட்டுங்கம்மா" என்கிறார். நிக்கானோர் பீரோவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆகையால் யஸ்னா மதிப்பெண் சமாசாரத்தை இப்போதைக்கு அங்கே யாரிடமும் சொல்லிவிடாதே. உன் பேரனின் புதுப் போட்டோ ஒன்றை மறக்காமல் தபாலில் அனுப்பு. போன தடவை வந்ததில் குல்லாய் மட்டும்தான் தெரிந்தது.