ரெக்ஸம் நகரமானதும் மேயருக்கு நான் பொன்னாடை போர்த்தியதும்

பரீட்சையில் பெயிலாவது ஒரு பெரிய விஷயமே இல்லை. வீட்டில் மற்ற எல்லோரும் பாஸான பரீட்சையில் பெயிலாவதுதான் கஷ்டம். டென்மார்க் குடியுரிமைப் பரீட்சையில் என் மனைவி சாந்தி முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து, சீருடையும் மாற்றாமல் போய் எழுதிவிட்டு வந்தவள் அவள். தாயின் புண்ணியத்தில் மகள் அபிநயாவும் டேனிஷ்காரியாகி விட்டாள். நானோ லீவு போட்டு, தலையில் எண்ணெய் வைத்து முழுகி, சுவாமி கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு போய் மூன்று முறை பெயிலானேன். (மூன்றாம் முறை பெறுபேறு வருவதற்கு முன்பே ஆட்களுக்குச் சொல்லி, மட்டன் ரோல்ஸும் ஓடர் பண்ணியிருந்தேன். அதை ஒரு கிழமையாக நாங்களே சாப்பிட்டோம்.)

டென்மார்க்கில் பிராண்டே என்ற சின்ன ஊரில் எங்கள் வீட்டில் இப்படி இரண்டு டேனிஷ்காரரும் ஒரு யாழ்ப்பாணத்தானும் குடியிருந்தோம். வேல்ஸில் ரெக்ஸம் என்ற ஊரில் இருக்கும் என் அக்கா வசந்தியைப் பார்க்க அவர்கள் இருவரும் டிக்கட் போட்டால் போதும். எனக்கு விசா வேண்டும். இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். அக்கா சமைக்கும் குசினியை நான் போனில் மட்டுமே பார்த்திருந்தேன். அதனால் அந்தப் பரீட்சை எனக்கு வெறும் கௌரவப் பிரச்சினை மட்டுமல்ல. கூடப்பிறந்தவள் வீட்டு வாசற்படியை மிதிக்கும் வழியும் அதுதான்.

மூன்றாம் முறை பெயிலான அன்று அக்கா போன் எடுத்தாள்.

"ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிறாய்? எங்களுக்கும் மூண்டு தரம் இல்லையெண்டுதான் சொன்னவை."

"உங்களுக்கு என்ன இல்லையெண்டவை?"

"சிட்டி. எங்கட ஊரைச் சிட்டியாக்கச் சொல்லிக் கேட்டது."

அன்றுதான் எனக்கு அந்த விஷயம் தெரிய வந்தது. அந்த நாட்டில் ஒரு ஊர் எவ்வளவு பெருத்தாலும் தானாக நகரமாகாதாம். ராணிக்கு ஏதாவது விசேஷம் வரும்போது ஊர்கள் விண்ணப்பம் போடும். ராணி ஓம் என்றால்தான் அது நகரம். சென்ட் டேவிட்ஸ் என்று வேல்ஸின் ஒரு மூலையில் இருக்கும் இடம் எங்கள் பிராண்டேயை விடச் சிறியது. பெரிய தேவாலயம் ஒன்றும் கொஞ்சம் வீடுகளும்தான். அதுவும் நகரம். (மறுநாள் நான் வேலை செய்யும் காற்றாலைத் தொழிற்சாலையில் ஒரு இறகுக்குப் பக்கத்தில் நின்று, "நாங்கள் ஒரு நகரத்தை விடப் பெரிய ஆட்கள்" என்று அறிவித்தேன். யாரும் வேலையை நிறுத்தவில்லை.)

"ஒருக்கா நியூபோர்ட்டுக்குக் குடுத்தினம். அது பெரிய இடம், சரி போகட்டும். பிறகு ஒருக்கா சென்ட் அசாஃப் எண்டு ஒண்டுக்குக் குடுத்தினம். அது எங்கட ஊரில ஒரு மூலைக்குள்ள அடங்கிப் போயிடும். அதுக்கு நாங்கள் ரோட்டில இருந்து அழுதனாங்களோ? திருப்பிப் போடுவம்" என்றாள் அக்கா, ஏதோ விண்ணப்பத்தை அவளே இரவிரவாக எழுதியது போல.

திருப்பிப் போட்டார்கள். ராணி அரியணையேறி எழுபது வருடமான விசேஷத்தில் ரெக்ஸம் நகரமானது. அக்கா அழுதுகொண்டே போன் எடுத்தாள். யாரோ செத்துப் போனார்கள் என்று நினைத்து நானும் அழத் தொடங்கிவிட்டேன்.

"சிட்டியான பிறகு என்ன மாறியிருக்கு?" என்று கேட்டேன், விஷயம் விளங்கிய பிறகு.

"ஒண்டும் மாறேல்லை. அதே குப்பை வாளி, பிந்தி வாற அதே பஸ். ஆனா கடைக்குப் போகேக்க நான் நிமிந்து நடக்கிறன்."

அந்தக் கதை என் உடம்புக்குள் போய் என்ன செய்ததோ தெரியாது, அடுத்த பரீட்சையில் நான் தேறிவிட்டேன். அதற்குப் பிறகும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். டென்மார்க்கில் ஒருவரைக் குடிமகனாக்கப் பாராளுமன்றம் சட்டம் இயற்றுகிறது. அந்தச் சட்டத்தில் அவருடைய பெயர் அச்சாகும். என் பெயர் வந்ததும் அக்காவுக்கு அனுப்பினேன். "எங்களுக்கு ராணி, உனக்குப் பார்லிமென்ட். ஆர் பெரிசு எண்டு பிறகு பாப்பம்" என்று பதில் வந்தது.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. கொம்யூன என்கிற பிரதேச சபை மண்டபத்தில் நடக்கும் விழாவுக்குப் போய் மேயருக்குக் கைகொடுக்க வேண்டும். கைகொடுக்காவிட்டால் குடியுரிமை இல்லை, சட்டம் அப்படி. கையுறை போடக்கூடாது, உள்ளங்கையோடு உள்ளங்கை படவேண்டும். ஒரு கிழமையாகச் சாந்திக்குக் கைகொடுத்துப் பழகினேன். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவளுடைய கையை அவ்வளவு தரம் பிடித்ததில்லை.

விழாவுக்காக அக்கா ரெக்ஸத்திலிருந்து பில்லுண்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது ஒரு பொன்னாடை. சிவப்பில் சரிகைக் கரை, நுனியில் குஞ்சம்.

"இது எதுக்கு அக்கா?"

"அந்த மனுசன் உனக்கு ஒரு நாட்டையே தாறார். நீ அவருக்கு ஒரு சால்வை போடேலாதோ?"

அபிநயா படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினாள். "அப்பா, பின்லிட்" என்றாள். வெட்கக்கேடு என்பதற்கு டேனிஷ். அவள் என்னைப் பற்றி அதிகம் பாவிக்கும் சொல் அதுதான். "அங்க ஒருத்தரும் அப்பிடிச் செய்யமாட்டினம். கை குடுத்தாச் சரி."

"இஞ்சாருங்கோ, பிள்ளை சொல்லுறதைக் கேளுங்கோ" என்றாள் சாந்தி.

நான் கேட்கவில்லை. நகரத்திலிருந்து வந்த அக்கா சொல்வதைக் கேட்பதா, பதினேழு வயதுப் பிள்ளை சொல்வதைக் கேட்பதா?

விழாவில் பாட்டுப் பாடினார்கள், மேயர் பேசினார், மேசையில் சின்னச் சின்னக் கொடி குத்திய கேக் இருந்தது. பொன்னாடையை மடித்துக் கோட்டுக்குள் வைத்திருந்தேன். வயிறு ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். (ரகுநாதன் என்பதை அவர்கள் சொன்ன விதத்தில் வேறு இரண்டு பேரும் எழும்பப் பார்த்தார்கள்.)

மேயர் நல்ல உயரம். கழுத்தில் பதவிச் சங்கிலி. சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். நான் கையைக் கோட்டுக்குள் விட்டேன். மேயரின் சிரிப்பு நின்றது. ஒரு அடி பின்னால் போனார். நான் பொன்னாடையை உருவி, உதறி, நுனிக்காலில் எம்பி அவருடைய தோளை நோக்கி வீசினேன். அது தலையில் விழுந்தது. இழுத்துத் தோளுக்குக் கொண்டுவந்தேன். பிறகு, ஊரில் எத்தனையோ மேடைகளில் பார்த்துப் பழகியபடி, இரண்டு கையையும் கூப்பி, குனிந்து வணக்கம் சொல்லி, திரும்பி, மிகுந்த கம்பீரத்தோடு என் கதிரைக்கு வந்து உட்கார்ந்தேன். அக்கா எழும்பி நின்று கைதட்டினாள். மண்டபமும் தட்டியது.

கைதட்டல் அடங்கியதும் பட்டியலோடு நின்ற கொம்யூன உத்தியோகத்தர் அம்மா என்னிடம் வந்தார். மிகவும் மரியாதையான குரலில், "நீங்கள் மேயருக்குக் கைகொடுக்க மறுக்கிறீர்களா?" என்று கேட்டார்.

நான்கு பரீட்சை, இத்தனை வருடக் காத்திருப்பு, அக்காவின் குசினி எல்லாம் கண் முன்னால் வந்து போயின. சாந்தி என் கோட்டைப் பிடித்து எழுப்பி, "ஓடுங்கோ" என்றாள். ஓடினேன்.

மேடையில் மேயருக்கு அங்கே வேறு பிரச்சினை. பொன்னாடையின் குஞ்சம் பதவிச் சங்கிலியில் மாட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றப் போன அவருடைய வலது கையும் சால்வைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து, பலமாகக் குலுக்கினேன். சங்கிலி கலகலவென்று சத்தம் போட்டது.

உத்தியோகத்தர் அம்மா எட்டிப் பார்த்தார். "இடையில் துணி இருக்கிறது" என்றார்.

சட்டம் சட்டம்தானே. சாந்தி மேடைக்கு ஏறி, தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, முதியோர் இல்லத்தில் தாத்தாமாருக்குப் பொத்தான் பூட்டிவிடும் அதே பொறுமையோடு குஞ்சத்தைச் சங்கிலியிலிருந்து விடுவித்தாள். மேயரின் கை வெளியே வந்தது. சிவந்து போயிருந்தது. அந்த வெறும் கையை என் வெறும் கை பிடித்தது. அவர் உடனே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாழ்த்துகள். இந்தத் துணியை நான் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

எனக்குப் பின் வந்தவர்களுக்கெல்லாம் அவர் பொன்னாடையோடுதான் கைகொடுத்தார். அன்று எடுத்த படத்தில் நடுவில் நிற்கும் மேயர் எங்கள் தமிழ்ச் சங்கத்துத் தலைவர் மாதிரியே இருக்கிறார். அபிநயா மட்டும் படத்தில் இல்லை. அவள் வெளியே பஸ் தரிப்பிடத்தில், எங்களைத் தெரியாதவள் போல நின்றுகொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் பால் வாங்கக் கடைக்குப் போனேன். அதே தள்ளுவண்டில், அதே பால், அதே வரிசை. ஆனால் அக்கா சொன்னது உண்மை. நிமிர்ந்துதான் நடந்தேன். அடுத்த கோடையில் விசா இல்லாமல் ரெக்ஸம் போய் அக்காவின் குசினியில் தேத்தண்ணி குடித்தேன். பிந்தி வந்த பஸ்ஸில் அவள் என்னை ஏற்றி, தன் நகரத்தைச் சுற்றிக் காட்டினாள்.

விழா நடந்த அன்று தொடங்கி எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. சாந்திக்குச் சம்பளம் கூடினாலும், நான் ஒழுங்காகக் கார் பார்க் பண்ணினாலும், யாராவது ஒருவர், "இடையில துணி இருக்கோ?" என்று கேட்டுவிட்டுத்தான் கைகொடுப்பார்.

போன ஆனி மாதம் அபிநயா கிம்னாசியம் என்னும் உயர்தரப் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை எழுதி முடித்தாள். அன்றைக்குப் பிள்ளைகளின் தலையில் வெள்ளைத் தொப்பி வைப்பது இங்கே வழக்கம். வீட்டு ஆட்கள் கொடியோடு பள்ளி வாசலில் நிற்பார்கள். நான் பின்வரிசையில், கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி, ஒரு பின்லிட்டும் செய்யாமல் நின்றேன். அவள் சிநேகிதிகளை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்து தொப்பியைத் தந்தாள். பிறகு தன் பையைத் திறந்து ஒரு பொன்னாடையை எடுத்தாள். ரெக்ஸத்திலிருந்து அக்கா அனுப்பியதாம்.

"ரெண்டையும் நீங்கள்தான் போட்டுவிடோணும் அப்பா" என்றாள் தமிழில், எல்லோருக்கும் முன்னால். "ஆனா முதல்ல கை குடுங்கோ."